ஆளில்லாத் தீவு என்னும் கற்பனை

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வகுத்த மலையின் அடிவாரத்தில் வாழ்கின்றோம் நாம். பிழைப்பின் பொருட்டு ஈண்டு வந்து குடியேறியவர்களே எனினும், இம்மலை நமக்கு அயல்மலை அன்று. ஓர் இடத்தின்மீது மனிதன் கொள்ளும் பற்று எத்துணை ஆழமானது என்பதற்குத் தமிழிலக்கியம் தரும் சிறந்த சான்றுகளுள் ஒன்றும் இம்மலையைப் பற்றியதே. குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தில் அரச வாழ்வைத் துறந்து, வேங்கடத்தில் ஒரு குருகாகவோ, மீனாகவோ, மரமாகவோ, ஆறாகவோ, கோயிற் படியாகவோ கிடக்க விழைகின்றார். எதுவாக இருப்பது என்பதை எளிதில் விட்டுக்கொடுக்கும் அவர், எங்கே இருப்பது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கின்றார். கருவறை வாயிலின் படிக்குக் குலசேகரன் படி என்னும் பெயர் வழங்கி வருதல் அன்பர்கள் அறிந்ததே.

இம்மலைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டு புறப்படுமுன் விண்வெளித் துறையினர் அதன் சிறு மாதிரி ஒன்றைக் கொணர்ந்து, ஏழுமலையானின் திருமுன் வைத்து வணங்கிச் செல்வர். தெளிந்த இரவுகளில் நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கீழ்வானில் ஓர் ஒளிக்கீற்று எழுவதைக் காணலாம். குழந்தைகள் கைதட்டுவர்; நாமும் தட்டுவோம். அதில் தவறொன்றுமில்லை. 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. ஆகவே அத்தீவு இன்று நம் மாவட்டத்துத் தீவு. அத்தீவில் முன்பு யார் வாழ்ந்தார்கள் என்னும் வினாவை நாம் ஒருபோதும் எழுப்பியதில்லை. அவ்வினா நம் மனத்தில் எழாமற் போனதற்கு இலக்கியமும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குரூசோ கற்பித்த பாடம்

ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1719-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ராபின்சன் குரூசோ'வை, சுருக்கிய வடிவிலேனும் படியாத மாணவர் நம் தலைமுறையில் அரியர். கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஒருவன் ஆளில்லாத் தீவொன்றைத் தன் உடைமையாக்கிக் கொள்கின்றான்; வேலியிடுகின்றான்; தன்னை அதன் அரசனாகவும் எண்ணிக் கொள்கின்றான். பின்னர் அங்கு வந்த பழங்குடி இளைஞன் ஒருவனைக் காப்பாற்றி, அவனைக் கண்ட கிழமையின் பெயரையே அவனுக்குச் சூட்டுகின்றான். 'உன் பெயர் என்ன?' என்று அவனைக் கேட்க வேண்டும் எனக் குரூசோவுக்குத் தோன்றவில்லை. படிக்கும் நமக்கும் தோன்றவில்லை. கதையின் வெற்றி அத்தகையது.

அந்நாவலின் கலைச்சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஒரு மனிதன் தன் கையால் ஒவ்வொரு பொருளையும் உண்டாக்கும் இன்பத்தை அதுபோல் சொன்ன நூல்கள் சிலவே. ஆயினும் அதனுள் ஒரு நஞ்சு பொதிந்துள்ளது. தீவு என்பது உடையவன் வரும்வரை காத்துக் கிடக்கும் வெற்றிடம். அங்கே முன்னரே ஒருவன் இருப்பினும் அவன் பெயரற்றவன். வந்தவன் இட்ட பெயரே அவன் பெயர். இவ்வெண்ணம் கதையளவில் நின்றிருப்பின் கேடில்லை. அஃது அரசாங்கக் கோப்பிற்குள் புகுந்த வரலாற்றை இனிக் காண்போம்.

டியேகோ கார்சியா

குமரிமுனைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில் சாகோஸ் தீவுக்கூட்டம் உள்ளது. அதில் பெரியது டியேகோ கார்சியா. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னந்தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் அங்கே கொண்டுவரப்பட்டனர். அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். தென்னாட்டாரும் அவர்களுள் இருந்தனர். இவர்களின் வழிவந்தோர் ஐந்தாறு தலைமுறை கடந்து, தமக்கென ஒரு கிரியோல் மொழியும் பாட்டும் இடுகாடும் உடைய மக்களாயினர்.

1965 நவம்பர் 8 அன்று பிரிட்டிஷ் அரசு இத்தீவுகளை மொரீசியசிலிருந்து பிரித்துத் தன் தனி ஆட்சிப் பகுதியாக்கிற்று. 1966 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்து, படைத்தளம் அமைக்க இடந்தந்தது. தளத்திற்கு ஆளில்லாத் தீவு வேண்டும் என்றனர்; ஆனால் தீவில் ஆட்கள் இருந்தனர். 1968 முதல் 1973 வரை, ஆயிரத்து ஐந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட மக்கள் படிப்படியாகப் பெயர்த்தெறியப்பட்டனர். மருத்துவத்திற்காகவும் உறவினரைக் காணவும் மொரீசியசுக்குச் சென்றவர்களிடம் திரும்பிச் செல்லக் கப்பல் இல்லை என்றனர். தீவுக்கு வந்த உணவுப் பொருள்களைக் குறைத்தனர். 1971-இல் அவர்தம் நாய்களைப் பிடித்து அடைத்து, நச்சுப் புகையிட்டுக் கொன்றனர். எஞ்சியோரைக் கப்பலேற்றி மொரீசியசிலும் செய்செல்சிலும் இறக்கிவிட்டனர்.

இலக்கிய மாணவன் கருதத்தக்க செய்தி இனித்தான் வருகின்றது. இத்தீவு மக்களைக் குறித்து 1966 ஆகஸ்டில் பிரிட்டிஷ் உயர் அலுவலர் ஒருவர் எழுதிய குறிப்பு, பின்னாளில் வழக்குகளின் வாயிலாக உலகறிந்தது. அதில் அம்மக்கள் டார்சான்கள் என்றும், குரூசோவின் ஏவலாளனாகிய அந்தக் கிழமைப் பெயரினர் என்றும், தோற்றுவாய் விளங்காத சிலர் என்றும் ஏளனமாகக் குறிக்கப்படுகின்றனர். அலுவலர் தம் கேலிக்குச் சொல் தேடிச் சென்ற இடம் சட்டநூல் அன்று. தாம் இளமையில் படித்த கதைகள்! ஏனைய ஆவணங்களோ அங்கு நிலைத்த குடிகள் எவரும் இலர், இருப்போரெல்லாம் வந்துபோகும் கூலிகளே என்று எழுதின. மக்களைக் கப்பலேற்றும் முன்பே அவர்களைச் சொல்லிலிருந்து வெளியேற்றி விட்டனர். தீவு முதலில் காலியானது தாளில், பின்னரே தரையில்.

மௌனத்தை எழுதிய நாவல்

இதற்கு மறுமொழியாக எழுந்த நூல்களுள் நம்மைப் பெரிதும் கவர்ந்தது மொரீசியசு எழுத்தாளர் ஷெனாஸ் பட்டேல் அவர்கள் 2005-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'சாகோசின் மௌனம்' என்னும் நாவல். 2019-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. பெயர்க்கப்பட்டவர்களிடம் நேரிற் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஆக்கப்பட்ட கதை இது. சார்லீசியா என்னும் பெண் மொரீசியசுத் துறைமுகத்தருகே, வாராத கப்பலை நோக்கி நிற்கின்றாள். தெசிரே என்னும் இளைஞன், தன் மக்களை ஏற்றிவந்த 'நோர்ட்வேர்' என்னும் கப்பலிலேயே பிறந்தவன். எந்த மண்ணில் பிறந்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு அவனுக்கு மண் இல்லை.

இந்நாவலின் வலிமை அதன் சிக்கனத்தில் உள்ளது. அரசியல் பேருரைகள் இதிற் குறைவு. பிரிட்டனும் அமெரிக்காவும் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் நிற்க, ஒரு சமையல் பாத்திரமும் ஓர் இசைக்கருவியும் ஒரு கடற்கரைப் பாதையுமே கதையைச் சுமக்கின்றன. குறையும் உண்டு. தீவின் பழைய வாழ்வைப் பாடுமிடங்களில் ஆசிரியர் அதைக் குற்றமற்ற பொன்னுலகாக ஆக்கிவிடுகின்றார். தோட்ட முதலாளியின் கணக்கேடும் கூலியின் குறைவும் அடிமைப்பட்ட முன்னோரின் நினைவும் இன்னும் அழுத்தமாக வந்திருத்தல் வேண்டும். இழந்த இடம் சொர்க்கமாக இருந்தாலன்றி இழப்பு இழப்பாகாது என்பதில்லை. குறைகளோடு கூடிய ஊரும் ஊர்தானே?

சாகோஸ் மக்களிடம் 'சக்ரேன்' என்றொரு சொல் வழங்குவதை அமெரிக்க மானிடவியலறிஞர் டேவிட் வைன் 2009-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டுகின்றார். ஊரைப் பிரிந்த துயரே நோயாகி உயிர் போக்குவதை அவர்கள் அச்சொல்லாற் குறிக்கின்றனர். மருத்துவச் சான்றிதழில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் 'ஏங்கியே செத்தாள்' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம் அல்லவா? ஒரு மக்களின் துயரை அவர்தம் சொல்லாலேயே பெயரிடுவது இலக்கியத்தின் முதற்கடன். கிழமையின் பெயரைச் சூட்டிய குரூசோவுக்கு நேர் எதிரான செயல் அது.

அநாதியும் அநாதையும்

இனி நம் தீவிற்கு வருவோம். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா 1969-இல் செயற்கைக்கோள் ஏவுதளத்திற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட்டு எழுந்தது. 1979 ஆகஸ்டு 10-இல் எஸ்.எல்.வி-3 தோல்வியுற்று, 1980 ஜூலை 18-இல் வென்ற வரலாறு நாடறிந்தது. 2002 முதல் அத்தளம் சதீஷ் தவான் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஏறத்தாழ 145 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அத்தீவு அதற்குமுன் எவ்வாறிருந்தது? சவுக்கும் தைலமரமும் வளர்ந்த விறகுத் தோட்டம் என்று சுருக்கமான வரலாற்றுக் குறிப்புகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

விறகுத் தோட்டம் என்றால் விறகு வெட்டியவர் இருந்திருத்தல் வேண்டுமே! இருந்தனர். யானாதிகள் என்னும் தெலுங்கு பேசும் பழங்குடி மக்கள் அத்தீவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். தேனெடுத்தும், கிழங்கும் மூலிகையும் அகழ்ந்தும், ஏரியில் மீனும் நண்டும் பிடித்தும், பாம்பின் தடமறிந்தும் வாழ்ந்தனர். அக்காட்டு விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறிச் சென்னைக்குச் சென்று அந்நகரத்து அடுப்புகளை எரித்தது. ஏவுதளத்தின் பொருட்டு அம்மக்களுட் பலர் பெருநிலக் கரைக்குப் பெயர்க்கப்பட்டனர். சிலர் தளத்திலேயே கூலிவேலை பெற்றனர். காட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் காடில்லாத இடத்தில் எழுத்தறியாதார் எனப் பெயர் பெற்றனர்.

டியேகோ கார்சியாவும் ஸ்ரீஹரிகோட்டாவும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே அயலரசு, அயலரசின் படைக்காகச் செய்தது. இங்கே விடுதலை பெற்ற நாடு, மழையும் புயலும் அறிவிக்கும் கோள்களையும் ஏவும் தளத்திற்காகச் செய்தது. அவ்விண்கோள்களால் கரையோர மீனவர் உயிர் தப்புகின்றனர் என்பது உண்மை. வேற்றுமையை மறைப்பவன் நேர்மையான திறனாய்வாளன் அல்லன். ஆயினும் ஒற்றுமையை மறைப்பவனும் அத்தகையவனே. இரண்டிடத்தும் முதலில் நிகழ்ந்தது ஒன்றே: மக்கள் இருந்த நிலம் எழுத்தில் மக்களற்ற நிலமாயிற்று. அங்கே தென்னந்தோட்டம், இங்கே விறகுத் தோட்டம்.

யானாதி என்னும் பெயர், தொடக்கமில்லாதோர் எனப் பொருள்படும் அநாதி என்பதிலிருந்து வந்தது என்று அறிஞர் சிலர் கூறுவர். எண்ணிப் பார்க்குந்தோறும் வியப்பளிக்கும் செய்தி இது. நம் சமயநூல்களில் அநாதி என்பது இறைவனுக்குரிய அடைமொழி. தொடக்கம் காணவொண்ணாத தொன்மையே அதன் பொருள். அதே தொன்மையை அலுவலர் தோற்றுவாய் விளங்காமை என்று படிப்பாராயின், அநாதி ஒரே கையெழுத்தில் அநாதை ஆகிவிடுகின்றான்.

நம் நூல்கள் சொல்லியதும் சொல்லாததும்

டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் 'அக்னிச் சிறகுகள்' தமிழ் இல்லங்கள்தோறும் உள்ள நூல். ராமேசுவரம் என்னும் தீவில் பிறந்து, ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவிலிருந்து கோளை ஏவிய ஒருவரின் வாழ்க்கை அது. தும்பாவில் மீனவர் வழிபட்ட தேவாலயமே ஏவுதளத்தின் முதல் அலுவலகமான கதையை அந்நூலின் வாயிலாக நம் பிள்ளைகள் அறிவர். இடந்தந்த பெருமக்களுக்கு அதில் நன்றியும் உண்டு. ஆனால் பெயர்ந்தவர் கதை அந்நூலின் பொருள் அன்று. ஒருவர் தம் உழைப்பைச் சொல்லும் நூலில் அதனைத் தேடுவதும் முறையன்று. வந்தவர் கதை ஒன்று இருக்கையில் சென்றவர் கதை ஒன்றும் இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. முதலாவது நூறாயிரம் படிகளாக வீடு வீடாய் நிற்க, இரண்டாவது எழுதப்படாமலே கிடக்கின்றது.

தமிழில் நெய்தல் எழுத்துக்குப் பஞ்சமில்லை. ராஜம் கிருஷ்ணன் அவர்களின் 'அலைவாய்க் கரையில்' மீனவர் வாழ்வை உடனிருந்து கண்டு எழுதியது. ஜோ டி குரூஸ் அவர்களின் 'ஆழிசூழ் உலகு' 2004-இல் வெளிவந்து, பரதவர் பேச்சையும் கடலறிவையும் நாவலுக்குள் கொணர்ந்தது. வெண்ணெலகண்டி ராகவையா அவர்கள் யானாதிகளைப் பற்றி 1962-இல் ஆங்கிலத்தில் நூலெழுதினார். ஆனால் ஏரிக்கு அக்கரை சென்ற யானாதிக் குடும்பத்தின் முதல் இரவைச் சொல்லும் நாவல் ஒன்றை நாம் தமிழில் இன்னும் படிக்கவில்லை.

அவ்வாறு ஒன்று எழுதப்படின் அதனை எவ்வாறு அளப்பது? அளவுகோலுக்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. பறம்பை இழந்தபின் பாரி மகளிர் பாடிய ஐந்தடிப் பாட்டு புறநானூற்றில் உண்டு. அதில் அழுகை என்ற சொல்லே இல்லை. வேந்தரை வைத வசையும் இல்லை. இரண்டு திங்களின் நிலவை மட்டும் அருகருகே வைத்துவிட்டு அப்பெண்கள் அமைகின்றனர். நிலவு மாறவில்லை, அதன்கீழ் இருந்தவை மாறின. ஊரிழந்தாரைப் பற்றிய எழுத்துக்கு இதுவே உரைகல். இழப்பைப் பொதுவாகச் சொல்லாமல் ஒரு குன்று, ஓர் இரவு, ஒரு பெயர் என்று சுட்டிச் சொல்கின்றதா எனக் கேட்க வேண்டும். கண்ணீரை மட்டும் தந்து இடத்தைத் தராத நூல், எத்துணை இரக்கமுடையதாயினும், அம்மக்களை இரண்டாம் முறையாக இடம்பெயர்க்கின்றது.

நம் கையெழுத்து

இவ்வளவும் பிறரைக் குறைகூறுதற்கு எழுதியதன்று. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிபவர் நாம். பல்லாண்டுகட்கு முன் ஒரு நாள், சாலையோரத்தில் வாழ்ந்த குடும்பம் ஒன்றின் விண்ணப்பம் நம் மேசைக்கு வந்தது. நிரந்தர முகவரி என்ற கட்டத்திற்கு அவர்களிடம் தாள் எதுவுமில்லை. 'இல்லை' என்று ஒரு சொல் எழுதிக் கோப்பை நகர்த்தினோம். விதிப்படி அது பிழையன்று. அக்குடும்பத்துத் தலைவர், தம் பாட்டனைப் புதைத்த இடத்தைக் காட்டுவதாகச் சொன்னார். அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லை என்று மறுமொழி கூறினோம். சாகோஸ் ஆவணங்களைப் படித்த இரவில் நமக்கு நினைவுக்கு வந்தது பிரிட்டிஷ் அலுவலரின் முகமன்று, நம் கையெழுத்தே.

உலகம் சிறிது திரும்பியுள்ளது. 2000-ஆம் ஆண்டில் லண்டன் உயர்நீதிமன்றம் சாகோஸ் மக்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. 2004-இல் அரசு வேறு ஆணையால் மீண்டும் வாயிலை அடைத்தது. 2008-இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவ்வாணையை நிலைநிறுத்திற்று. 2019 பிப்ரவரி 25 அன்று அனைத்துலக நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது முறையன்று என்று கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று அவற்றின் இறைமையை மொரீசியசுக்கு அளிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டியேகோ கார்சியாவோ அதன்படியும் 99 ஆண்டுக் குத்தகையில் படைத்தளமாகவே தொடரும். மக்கள் மீள்குடியேற இடமுள்ளது பிற தீவுகளில் மட்டுமே.

அந்தத் தீவின் கதையில் தமிழர்க்கும் ஓர் இயல் எழுதப்பட்டுவிட்டது. 2021 அக்டோபரில் படகேறிப் புகலிடம் தேடிச் சென்ற ஈழத்தமிழர் பலர் நடுக்கடலில் இடருற்று டியேகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டனர். மூன்றாண்டுகளுக்கும் மேலாக வேலியிட்ட கூடார முகாமில் வைக்கப்பட்டனர். அவ்வாறு வைத்தது சட்டப்படியான செயலன்று என்று 2024 டிசம்பரில் அப்பகுதியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாதத்திலேயே பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பிறந்தவர் திரும்ப இயலாத தீவில், ஒதுங்கியவர் வெளியேற இயலாமல் இருந்தனர். குரூசோவின் ஆளில்லாத் தீவு இறுதியில் வந்தடைந்த நிலை இது.

அன்பர்களே, நாம் ஊரை விட்டு வந்தோம், ஊரிலிருந்து எறியப்படவில்லை. பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் பேருந்தேறினால் நம் ஊர் அங்கேயே இருக்கின்றது. இவ்வேற்றுமையை உணர்ந்தவர்க்கு ஒரு கடமையும் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்பவர்கள். சூளூர்ப்பேட்டைக்குச் சென்று, யானாதி முதியவர் ஒருவரின் அருகமர்ந்து, அவர் மொழியிலேயே அவர் சொல்வதைக் கேட்டு, தமிழில் எழுத வல்லவர் இவ்வெல்லையில் வாழும் நம்மினும் வேறு யாவர்? அவர் குடியிருந்த இடத்தின் பெயர், தேன் கட்டிய மரத்தின் பெயர், படகு விட்ட துறையின் பெயர் இவற்றை முதலில் குறித்துக் கொள்ளட்டும். அவருடைய பெயரைக் கேட்க மறவாதிருக்கட்டும்.

அடுத்த முறை கீழ்வானில் ஒளி எழும்போதும் நாம் கைதட்டுவோம். தட்டியபின், அவ்வொளி எழும் மணல் எவருடைய ஊராக இருந்தது என்று அருகில் நிற்கும் குழந்தைக்குச் சொல்வோம்.